வால்காரி பாத்தும்மாவின் சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள். மற்றப் பெண்களுக்கு வாய்க்கிற சக்களத்திக்கு ஒரு ஊர், ஒரு வீடு, பிடித்து உலுப்புவதற்கு ஒரு கொண்டையாவது இருக்கும். என்னுடையவளுக்கு அதெல்லாம் கிடையாது. தாழ்வுபாட்டுக் கரையில் கமெராவுக்கு முன்னால் பிறந்து, இப்போது ஊரில் உள்ள எல்லாருடைய போனுக்குள்ளும் இருந்து அழுகிறாள். அவளை உண்டாக்கியவர் என் புருசன். என்னைப் பொறாமைக்காரி என்று சொல்ல நினைக்கிறவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள், எனக்கு அதில் வெட்கம் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

என் பெயர் ஸம்ஸியா. பிறந்தது முசலிப் பக்கம், கலியாணம் முடித்து வந்தது மன்னார் டவுனுக்கு. வீட்டு வளவுக்குள் கருவாடு போட்டு லொறிக்காரர்களுக்கு விற்கிறேன். லொறிக்காரர்களோடு மல்லுக்கட்டுகிறவளுடைய தொண்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். புருசன் றுஸ்தி நானாட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பிக்கிறார். தங்கமான மனிசன், ஆனால் வாய் இல்லை. நான் ஒரு மணித்தியாலம் கதைத்தால் அவர் "ஓம்" என்பார். அந்த ஓமுக்குள் இருப்பது சம்மதமா, சலிப்பா, பசியா என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கொரோனாவுக்கு ஊரைப் பூட்டி வைத்திருந்த நேரத்தில் அவர் ஒரு சித்திரக்கதை கீறத் தொடங்கினார். கட்டம் கட்டமாகக் கீறி, ஆட்களின் தலைக்கு மேலே குமிழ் போட்டு, அதற்குள் கதையை எழுதி பேஸ்புக்கில் போடுவார். அதற்கு வைத்த பெயர் 'வால்காரி பாத்தும்மா'. பாத்தும்மா ஒரு கருவாட்டுக்காரி. உருண்டு திரண்ட கை, முன்பல்லில் இடைவெளி, தட்டைப் பாதம். எந்நேரமும் கையில் ஒரு திருக்கை வால். திருக்கை மீனின் வாலைக் காயவைத்து வீட்டில் கள்ளனுக்கென்று வைத்திருப்பார்களே, அதுதான். பட்டால் தோல் உரியும். தராசில் விரலை வைக்கிற முதலாளிக்கும், பஸ்ஸில் பெண்பிள்ளைகளை உரசுகிறவனுக்கும் பாத்தும்மா அதால் வெளு வெளு என்று வெளுப்பாள். வெளுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "இஞ்சேருங்கோ, தேத்தண்ணி போடுங்கோ" என்று புருசனிடம் சொல்லிக்கொண்டு காலை நீட்டி உட்காருவாள்.

முதல் கட்டத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்தப் பல் என் பல். அந்தப் பாதம் என் பாதம். அந்த வால், கலியாணத்தின்போது எங்கள் வாப்பா என் சாமான்களோடு சாமானாகக் கட்டித் தந்துவிட்ட வால், எங்கள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. 'இஞ்சேருங்கோ' என்பதோ நான் விடிந்ததில் இருந்து படுக்கும்வரை அவரைக் கூப்பிடுகிற கூப்பிடு.

"இஞ்சேருங்கோ, ஊருக்கு முன்னால என்னை ஏன் இப்பிடிக் கேவலப்படுத்திறீங்கள்?" என்று கேட்டேன்.

"அது நீ இல்லை" என்றார்.

"நானில்லாட்டிப் பின்ன ஆர்? உங்கட உம்மாவோ?"

"ஓம்" என்றார். அந்த ஓம் எந்தக் கேள்விக்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கொஞ்ச நாள் மூஞ்சையை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு என்ன நடந்தது என்றால், மீன் சந்தையில் ஒருவன் "பாத்தும்மா ராத்தா, உங்களுக்கெண்டு நல்ல விளைமீன் எடுத்து வச்சிருக்கிறன்" என்றான். பஸ் ஸ்டாண்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னோடு நின்று போட்டோ எடுத்தார்கள். லொறிக்காரர்கள்கூட என்னோடு கதைக்கும்போது குரலைத் தணித்தார்கள். பொய் சொல்லக்கூடாது, எனக்கு அது பிடித்துவிட்டது. தலைக்கனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டதும் அவர் வளவுக்குள் கதிரையைப் போட்டு உட்காருவார். நான் வாலை ஓங்கிக்கொண்டு முன்னால் நிற்க வேண்டும். கை வளைகிற இடம், சட்டை இழுபடுகிற இடம் எல்லாம் பார்த்துக் கீறுவார். "இஞ்சேருங்கோ, கெதியாக் கீறுங்கோ, கை நோகுது" என்று கத்துவேன். ஆனால் நோவு ஒரு பொருட்டே இல்லை. அந்த நேரம் அவர் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்காக நான் அஸர் தொழுகை வரைக்கும் நிற்பேன். மற்ற நாட்களில் அவர் என்னை அப்படிப் பார்க்க மாட்டார். அந்தப் பார்வையைத்தான் நான் கட்டிக் காத்தேன்.

இப்படி இருக்கும்போது கொழும்பில் இருந்து ஜுனைட் என்று ஒரு டைரக்டர் வந்தார். பாத்தும்மாவைப் படமாக எடுக்கப் போகிறாராம். என் வீட்டில் இருந்து இறால் பிரட்டலும் சோறும் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

"ராத்தா, ஒங்களப் பாத்தா பாத்தும்மாவப் பாத்த மாதிரியே இரிக்கிது" என்றார்.

"மாதிரி என்ன தம்பி மாதிரி, நான்தான்" என்றேன். என் புருசன் தலையைக் குனிந்துகொண்டு முள்ளில்லாத இறாலில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

கதை கீறினவரே வசனத்தையும் எழுத வேண்டும் என்று ஜுனைட் சொல்ல, அவரும் ஓம் என்றார். அந்த ஓம் சந்தோச ஓம். எனக்கு விளங்கியது.

தாழ்வுபாட்டில் படம் எடுக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் அவர் போன் எடுத்து, படத்துக்கு அசல் திருக்கை வால் வேண்டுமாம், நீயே கொண்டுவா என்றார். எனக்கு நிலைகொள்ளவில்லை. வாலைத் துவாயில் சுற்றி, பெருநாளைக்கு எடுத்த அபாயாவைப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் போய் இறங்கினேன். மனதுக்குள் ஒரு கணக்கு வேறு. என்னைப்போல ஒருத்தியை எங்கே பிடித்திருப்பார்கள்? பிடித்திருக்காவிட்டால் என்னையே ஒருக்கா நிற்கச் சொன்னாலும் சொல்வார்கள்.

வள்ளங்களுக்கு நடுவில் குடை பிடித்து ஒரு பிள்ளையை உட்கார வைத்திருந்தார்கள். முருங்கைக்காய் அளவில் கை. பல்லெல்லாம் வரிசையாக, ஒரு நூல் போகிற இடைவெளி கிடையாது. கொழும்பில் இருந்து கொண்டுவந்த நடிகையாம்.

"பாத்தும்மாட மகளோ?" என்று ஜுனைட்டைக் கேட்டேன்.

"இல்ல ராத்தா, இவதான் பாத்தும்மா. பேரக் கொஞ்சம் மாத்தி பஹிமா எண்டு வச்சிரிக்கம்."

"கருவாட்டுக் கூடை எங்க?"

"கருவாடு வேணாம் ராத்தா. இவ சிப்பி மாலை விக்கிற."

"சிப்பி மாலையோ? மன்னாரில ஆர் தம்பி அதை வாங்கிறது, றோட்டில திரியிற கழுதையளோ?"

ஜுனைட் சிரித்தார். பொல்லாத சிரிப்பில்லை, பாவம், விசயத்தை விளக்கிற சிரிப்பு. "கீறின படத்தில ஒரு பொம்புள அடிச்சா சிரிப்பு வரும் ராத்தா. திரையில அடிச்சா ஆக்கள் வெறுத்துடுவாங்க. ஹீரோயின் எண்டா பாக்கிறவங்கட மனசு எளகோணும்."

சொல்லிக்கொண்டே என் கையில் இருந்த வாலை வாங்கி, அந்தப் பக்கம் நின்ற கதாநாயகப் பொடியனிடம் கொடுத்தார். படத்தில் வாலால் அடிக்கிறது அவனாம். முதலாளியின் ஆட்கள் பஹிமாவின் மாலைகளைப் பறித்து எறிய, அவள் மணலில் விழுந்து அழ, அவன் ஓடிவந்து வாலால் அடித்து அவளைக் காப்பாற்றுகிறானாம். எங்கள் வாப்பாவின் வால்! அவனுக்கு அதைப் பிடிக்கிற பக்கம்கூடத் தெரியவில்லை.

அதையும் பொறுத்திருப்பேன். கண்டறியாத படம் என்று காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். ஆனால் கமெரா ஓடத் தொடங்கியதும் அந்தப் பிள்ளை கண்ணீரோடு முகத்தை நிமிர்த்தி அவனைப் பார்த்துச் சொன்னாள்:

"மச்சான், உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?"

நான் திரும்பிப் பார்த்தேன். கமெராவுக்குப் பின்னால் என் புருசன் நின்றார். அந்தப் பிள்ளை சொல்லச் சொல்ல அவருடைய உதடும் சேர்ந்து அசைந்தது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வெள்ளிக்கிழமைப் பார்வை.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது, சொல்கிறேன். ஆண்கள் சந்திக்குச் சந்தி ஆளுக்கு ஆள் மச்சான், மச்சான் என்று கத்துவது வேறு கதை. பெண்ணின் வாயில் வருகிற மச்சான் வேறு. எங்கள் பக்கத்தில் மாமி மகனைக் கட்டினவள், மாமா மகனைக் கட்டினவள், அவள்தான் புருசனை மச்சான் என்பாள். சின்ன வயதில் இருந்தே கூப்பிட்டு வாய் பழகியிருக்கும். வெளியில் இருந்து வந்த என்னைப் போன்றவளுக்கு 'இஞ்சேருங்கோ'தான். எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சியும் இல்லை, இருந்திருந்தால் அவளாவது கூப்பிட்டிருப்பாள். இந்தத் துனியாவில் என் புருசனை மச்சான் என்று கூப்பிட்ட ஒரே பெண் அவருடைய மாமி மகள் றினோஸா. சண்டை நேரத்தில் ஊரை விட்டுப் போய்ப் புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் ஒரே வளவுக்குள் வளர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் கலியாணம் என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். ஏதோ காரணத்தால் அது நடக்கவில்லை. றினோஸா இப்போது எருக்கலம்பிட்டியில் வாழ்க்கைப்பட்டு, அபாயா தைக்கிறாள். மெலிந்த உடம்பு. சின்னக் குரல். பல் வரிசையாக இருக்கும்.

இப்போது விளங்குகிறதா, அந்தப் பஹிமா யார் என்று?

வாலைக்கூடத் திருப்பிக் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்னேரம் அவர் வந்து ஹெல்மட்டைக் கழற்ற முதல் கேட்டேன்.

"மச்சானெண்டு எழுதினது ஆர்?"

"நான்தான்."

"டைரக்டர் சொல்லி எழுதினதோ?"

"இல்லை. நானாத்தான்."

ஆளைப் பாருங்கள்! நானே கதவைத் திறந்து விடுகிறேன், ஓடித் தப்பத் தெரியவில்லை. டைரக்டர் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நானும் நம்பின மாதிரி இருந்திருப்பேன்.

"ஆரை நினைச்சு எழுதினீங்கள்?"

அவர் ஹெல்மட்டைக் கழற்றி வைத்தார். அடுப்படிக்குப் போனார். கொஞ்சத்தால் தேத்தண்ணியோடு வந்து எனக்கு முன்னால் வைத்தார். சித்திரக்கதையில் பாத்தும்மாவின் புருசன் செய்வதும் அதுதான். எனக்கு இன்னும் எரிந்தது. தேத்தண்ணியை அப்படியே கருவப்பிலை மரத்தடியில் ஊற்றினேன். அந்த வெள்ளிக்கிழமை நான் அவருக்கு முன்னால் போய் நிற்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை. கதிரை சும்மா கிடந்தது.

படம் முடிந்து டவுன் ஹோலில் போட்டுக் காட்டினார்கள். நான் போவதில்லை என்றுதான் இருந்தேன். பிறகு, போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்றாகிவிடும் என்று போனேன். அவர் முன்வரிசையில் ஜுனைட்டோடு இருந்தார். நான் பெண்கள் பக்கத்தில் பின்னால் இருந்தேன். என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? றினோஸா. என்ன துணிச்சல் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

படம் ஓடியது. சிப்பி மாலை, காற்று, கண்ணீர். முதலாளியின் ஆட்கள் வந்தார்கள். பஹிமா மணலில் விழுந்தாள். சனம் சத்தமில்லாமல் இருந்தது. திடீரென்று பின்னுக்கு இருந்து ஒருவன் கத்தினான்:

"எடுடி பாத்தும்மா வாலை!"

ஹோலே சிரித்து அதிர்ந்தது. இன்னும் இரண்டு பேர் "எடு, எடு" என்றார்கள். பஹிமா எடுக்கவில்லை. கதாநாயகன் வந்துதான் எடுத்தான். ஒருவரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் என் புருசனின் தலை கதிரைக்குள் இறங்கிக்கொண்டு போனது. எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அவள் "மச்சான்" என்றாள். எல்லாம் போய்விட்டது.

நான் றினோஸாவின் காதுக்குள் சொன்னேன். "இப்ப குளிர்ந்துதோ மனம்? உன்னைத்தான் படமா எடுத்து வச்சிருக்கிறார்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கென்ன விசரோ? நான் எப்பயடி இப்பிடி அழுதனான்?"

"மச்சானெண்டு நீ தானே கூப்பிட்டனீ."

"ஓம், கூப்பிட்டனான். கடைசியாக் கூப்பிட்டது என்னத்துக்கெண்டு தெரியுமோ? 'மச்சான், எனக்கு உங்களைக் கட்ட விருப்பமில்லை, உம்மாட்ட நீங்களே சொல்லிடுங்கோ' எண்டு சொல்லத்தான். அழுதது அவர். நானில்லை."

முன்வரிசையில் கதிரைக்குள் இறங்கியிருந்த தலையைப் பார்த்தேன்.

றினோஸா விடவில்லை. "உண்மையைச் சொல்லட்டோ? உன்னைப் பாத்து எரிஞ்சது நான்தான். உன்ர பல்லு, உன்ர கை, உன்ர காலெண்டு கிழமைக்குக் கிழமை கீறித் தள்ளினார். ஒண்டா வளந்த எனக்கு ஒரு பூக்கூடக் கீறித் தந்ததில்லை. வேணாமெண்டு சொன்னவள்தான் நான், ஆனாலும் எரிஞ்சுது." சொல்லிவிட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பஹிமா இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தாள். றினோஸாவும் இல்லை என்றால், பிறகு அவள் யார்?

வீட்டுக்கு வந்ததும் அவர் துவாயில் சுற்றிய வாலை என்னிடம் தந்தார். வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். அவர் முகம் சுருங்கிப்போய் இருந்தது. இரக்கப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் எனக்கு அது தெரியாவிட்டால் சோறு இறங்காது.

"றினோஸாவோட கதைச்சனான். அவளில்லை எண்டு விளங்கியிட்டுது. பின்ன ஆரை நினைச்சு எழுதினீங்கள்?"

"உன்னைத்தான்" என்றார்.

"பொய் சொல்லாதேங்கோ. நான் எப்ப உங்களை மச்சானெண்டு கூப்பிட்டனான்?"

"கூப்பிடேல்லைத்தானே" என்றார். கொஞ்ச நேரம் கதவுக்குப் பின்னால் தொங்கிய வாலையே பார்த்தார். "படத்திலயாவது ஒருக்காக் கேப்பம் எண்டுதான்."

இவ்வளவு நீளமாக அவர் என்னோடு கதைத்ததே அபூர்வம். சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

நான் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். றினோஸாவாக இருந்திருந்தால் எவ்வளவு நல்லது! எருக்கலம்பிட்டிக்கு பஸ் ஏறிப் போய் வாசலில் நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். அந்த நடிகையாக இருந்திருந்தால், கொழும்புக்குப் போய்த் தொலைந்தாள் என்று விட்டிருப்பேன். ஆனால் இவள் நான். என் பல்லை அடைத்து, என் கையை மெலிய வைத்து, என் கூடையைப் பறித்து, வாலை வேறு ஒருவனிடம் கொடுத்து, வாயில் ஒரு மச்சானை வைத்துவிட்டிருக்கிறார். மூன்று வருசமாக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்னைப் பார்த்துப் பார்த்துக் கீறிய மனிசன், உள்ளுக்குள் இப்படி ஒருத்தியை வைத்து வளர்த்திருக்கிறார். என்னைவிட நல்ல நான். பொறாமைப்படாமல் என்ன செய்ய? அழுதேன், ஓம், அழுதேன். பஹிமா போல வடிவாக இல்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

அடுத்து வந்த நாட்களில் அந்தச் சொல்லை நான் சொல்லிப் பழகிப் பார்த்தேன். கட்டா மீனை வெட்டிக் கழுவும்போது 'மச்சான்' என்று சொன்னேன். பூனை பயந்து ஓடியது. மெதுவாகச் சொன்னேன், லொறிக்காரனை ஏமாற்றப்போகிறவள் மாதிரி இருந்தது. உப்புப் போடும்போது சொன்னேன், பாயில் பரத்தும்போது சொன்னேன். அவர் வந்து நின்றால் வாயில் வருவது இஞ்சேருங்கோதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாப்பிட்டு முடிந்ததும் அவர் கதிரையைப் போடவில்லை. சனம் சிரித்ததில் இருந்து பென்சிலையே தொடவில்லை. நானே கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வளவுக்குள் வைத்தேன். கொப்பியையும் பென்சிலையும் அதன்மேல் போட்டேன். வாலை எடுத்து வந்து ஓங்கிக்கொண்டு நின்றேன். அவர் வந்து உட்கார்ந்தார். கீறத் தொடங்கினார். முதலில் பாதம், பிறகு கை. பென்சில் கரகரக்கிற சத்தம் மட்டும் கேட்டது. என் கை உண்மையாகவே நோகத் தொடங்கியது.

"மச்சான்" என்றேன். லொறிக்காரரை அதட்டுகிற அதே தொண்டையால்தான் வந்தது. "கெதியாக் கீறுங்கோ, கை நோகுது."

பென்சில் நின்றது. அவர் நிமிர்ந்தார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் கலியாணத்தன்றும் காணவில்லை. வெள்ளிக்கிழமைப் பார்வையெல்லாம் அதற்குக் கிட்டவும் வராது. அப்படி ஒரு பார்வை அவரிடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

சக்களத்தி வந்து நிற்கிறாளோ என்று நான் ஓங்கிய வாலோடு திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தேன். கருவாட்டுப் பாயைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை.